உமி தண்ணீரைச் சுத்தம் செய்கிறது, சரி. அழுக்கேறிய உமி எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல் உமி, தேங்காய்ச் சிரட்டை, கரும்புச் சக்கை, வாழைப்பழத் தோல் ஆகியவற்றைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்து மாணவர்கள் சாதனை என்று நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. கூடவே ஒரு படம் இருக்கும். ஒரு குடுவையில் நீலத் தண்ணீர், பக்கத்துக் குடுவையில் தெளிந்த தண்ணீர். '95 சதவீத மாசு நீங்கியது' என்று கீழே ஒரு வரி. இந்தச் செய்திகளை நான் ஒன்றுவிடாமல் படிப்பவள். பணிக்காலம் முழுக்கத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். கல்லூரிகளில் இந்த ஆய்வைச் செய்யும் பிள்ளைகள் தங்கள் மாதிரிகளைச் சோதிக்க எங்களிடம் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் உமி, சக்கை, கரித்தூள் பொட்டலங்கள் என் மேசையில் எப்போதும் கிடக்கும்.

அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல விஷயம் ஒன்று கண்காட்சியோடும் பட்டத்தோடும் நின்றுபோகிறதே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன். இந்தச் செய்திகளில் ஒரு கேள்வி எப்போதும் விட்டுப்போகிறது. தண்ணீரில் இருந்த ஈயமும் குரோமியமும் சாயமும் உமிக்கு மாறிவிட்டன. அப்புறம் அந்த உமி எங்கே போகிறது?

அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன், உமிக்கு உண்மையிலேயே இந்தத் திறமை உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அதில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் மூன்றும் இருக்கின்றன. அவற்றோடு 15 முதல் 20 சதவீதம் வரை சிலிக்காவும் உண்டு. இந்தப் பொருள்களின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில், கார்பாக்சில் என்ற சிறு அணுக்கூட்டங்கள் இருக்கும். தண்ணீரில் கார்பாக்சில் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு எதிர் மின்னேற்றத்தோடு நிற்கும். நேர் மின்னேற்றம் கொண்ட ஈயம், செம்பு, காட்மியம் அயனிகள் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்த பொட்டாசியமோ கால்சியமோ விலகிக்கொள்ளும். உமி மட்டுமல்ல, கடலைத் தோடு, மரத்தூள், தென்னை நார்க்கழிவு, மக்காச்சோளக் கதிரின் சக்கை எல்லாமே இந்த வேலையை ஏதோ ஓர் அளவுக்குச் செய்யும். பழத் தோல்களில் பெக்டின் அதிகம், மரப்பட்டைகளில் டானின் அதிகம், அதனால் அவை உலோகங்களை இன்னும் நன்றாகப் பிடிக்கின்றன.

2011-ல் பிரேசில் ஆய்வாளர்கள் வாழைப்பழத் தோலை வைத்து ஆற்று நீரில் இருந்த செம்பையும் ஈயத்தையும் பிடித்துக் காட்டினார்கள். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதை 'வாழைத்தோல் தண்ணீரைச் சுத்தமாக்கும்' என்று எழுதின. உண்மையில் அவர்கள் செய்தது, கருவிக்கு எட்டாத அளவு சன்னமாக இருந்த உலோகத்தைத் தோலில் திரட்டி, பிறகு கொஞ்சம் அமிலத்தில் இறக்கி அளந்தது. பரிசோதனைக் கூடக்காரியான எனக்கு அது மிகவும் பிடித்த வேலை. ஆனால் ஊருக்கு நீர் வழங்கும் நிலையத்துக்கும் அதற்கும் நெடுந்தூரம்.

கரியின் கதை இன்னும் பழையது. கரித்தூள் கரைசலின் நிறத்தை எடுத்துவிடும் என்பதை 1785-ல் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் கவனித்துச் சொன்னார். முதல் உலகப் போரின்போது, 1918-ல், நச்சுப்புகைக் கவசங்களுக்குக் கரி போதாமல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளையும் வாதுமை வகை ஓடுகளையும் பொதுமக்களிடம் கேட்டு வாங்கினார்கள். அந்தக் கவசங்களில் சிறப்பாக வேலை செய்தது தேங்காய்ச் சிரட்டைக் கரி. பரப்பின் மீது மூலக்கூறுகள் எப்படி ஒட்டி அடைகின்றன என்பதற்கு இர்விங் லாங்மியூர் தந்த புகழ்பெற்ற சமன்பாடும் அதே 1918-ல் வெளிவந்தது. இன்றைக்கும் உமி ஆய்வு செய்யும் ஒவ்வொரு மாணவரும் அந்தச் சமன்பாட்டில்தான் தன் எண்களைப் போட்டுப் பார்க்கிறார்.

சிரட்டையைக் காற்றுப் படாமல் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேல் நீராவி விட்டுத் துளைகளைத் திறந்தால், ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரையும் தாண்டும். நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வீட்டு வடிகட்டிகளிலும் இந்தக் கரி உலகமெங்கும் பயன்படுகிறது. ஆக, விவசாயத்தின் துணைப்பொருள் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா என்று யாராவது கேட்டால், பல காலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது என்பது என் பதில். ஆனால் சிரட்டைக் கரி இந்த இடத்துக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது எத்தனை லிட்டர் தாங்கும், எப்போது மாற்ற வேண்டும், மாற்றியதை மறுபடி சூடாக்கி எப்படி மீட்பது என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். உமிக்கும் சக்கைக்கும் அந்தக் கணக்கை இன்னும் பெரும்பாலும் யாரும் போடவில்லை.

இனி அந்த 95 சதவீதத்துக்கு வருகிறேன். ஒரு மாணவர் காய்ச்சி வடித்த தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஈயம் இருக்கும்படி கரைசல் தயாரிக்கிறார். உமித் தூளைப் போட்டுக் குலுக்கும் கருவியில் வைத்துக் குலுக்குகிறார். 95 சதவீதம் நீங்குகிறது. மீதம் எவ்வளவு? லிட்டருக்கு 5 மில்லிகிராம். குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதாவது, 95 சதவீதம் சுத்தமான அந்தத் தண்ணீரில் இருக்க வேண்டியதைப் போல 500 மடங்கு ஈயம் இருக்கிறது. இந்தக் கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் செய்தியில் சதவீதம் மட்டும் வந்தால் இதைப் போட்டுப் பார்க்க வழியே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'ஒரு கிராம் பொருள் 50 மில்லிகிராம் ஈயத்தைப் பிடிக்கும்' என்று ஆய்வேட்டில் இருக்கும். அது அந்தப் பொருள் முழுக்க நிறைந்த பிறகான உச்ச அளவு. தண்ணீரில் ஈயம் நிறைய இருந்தால்தான் அந்த உச்சத்தை எட்டும். ஒரு கணக்குக்காக, லிட்டருக்கு 20 மில்லிகிராம் ஈயம் மிஞ்சியிருக்கும்போது அந்தப் பொருள் பாதி நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். லாங்மியூர் சமன்பாட்டில் போட்டால், மிஞ்சும் ஈயம் 0.01 மில்லிகிராமாக இருக்க வேண்டுமானால் ஒரு கிராம் பிடித்து வைத்திருப்பது வெறும் 0.025 மில்லிகிராம். உச்சத்தில் 2,000-ல் ஒரு பங்கு.

லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் ஈயம் உள்ள கிணற்று நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 0.01-க்கு இறக்க வேண்டும். உச்ச அளவை நம்பிக் கணக்குப் போட்டால் ஒரு கிலோ உமி 12.5 லட்சம் லிட்டருக்குப் போதும். ஒரே தடவை கலக்கி வடிப்பதாக வைத்துச் சரியாகப் போட்டால் 625 லிட்டர்தான் வரும். நிரலில், அதாவது உயரமான குழாயில், அடைத்து மெல்ல ஓடவிட்டால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், ஆனாலும் லட்சத்தின் பக்கத்தில்கூடப் போகாது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் எத்தனையோ நல்ல திட்டங்கள் விழுந்திருக்கின்றன.

மெத்திலீன் நீலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படங்களில் வருகிற நீலத் தண்ணீர் பெரும்பாலும் அதுதான். கையாள எளிது, நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளக்கும் ஸ்பெக்ட்ரோ போட்டோமீட்டரில் 664 நானோமீட்டரில் வைத்தால் உடனே எண் கிடைத்துவிடும். மெத்திலீன் நீலம் நேர் மின்னேற்றம் கொண்ட சாயம்; செடிப் பொருள் எதைப் போட்டாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர் மின்னேற்றம் கொண்டவை. பதப்படுத்தாத உமியின் பரப்பும் எதிர் மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். போதாக்குறைக்கு அந்தச் சாயநீரில் உப்பு ஏராளமாக இருக்கும். மெத்திலீன் நீலத்தில் 95 வாங்கிய உமி, நிஜச் சாயநீரில் தேறுமா என்று பார்க்காமல் 'சாயப்பட்டறைக் கழிவுக்குத் தீர்வு' என்று எழுதுவது அந்தத் தொழிலை நம்பிப் பிழைப்பவர்களுக்கும், அந்தத் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்களுக்கும் செய்கிற அநியாயம்.

குரோமியத்திலும் இப்படித்தான். ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் எதிர் மின்னேற்றம் கொண்ட அயனியாக இருக்கும். அமிலத்தன்மை மிகுந்த தண்ணீரில், பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 என்றால் நடுநிலை) 2 அளவில், உமியின் பரப்பு நேர் மின்னேற்றம் பெற்று அதை இழுத்துக்கொள்ளும். லிக்னின் அதற்கு எலக்ட்ரான் கொடுத்து, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாகவும் மாற்றும். அழகான வேதியியல்! ஆனால் கிணற்று நீரின் பி.எச். ஏழை ஒட்டி இருக்கும். அங்கே இந்த இழுப்பு வெகுவாகக் குறைந்துபோகும். இரண்டுக்கு இறக்க அமிலம் ஊற்ற வேண்டும், பிறகு ஏழுக்கு ஏற்றக் காரம் ஊற்ற வேண்டும், கடைசியில் தண்ணீரில் உப்பு கூடியிருக்கும். ஈயம், செம்பு போன்ற உலோகங்களுக்கு நிலைமை நேரெதிர். அவற்றுக்கு பி.எச். 5, 6 பக்கம் இருந்தால் நல்லது. அமிலம் கூடினால் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே தொட்டியில் எல்லா உலோகங்களையும் ஒரே உமி எடுத்துவிடும் என்று சொல்பவர் இந்த முரணை எப்படித் தீர்த்தார் என்று கேட்க வேண்டும்.

எங்கள் கூடத்துக்கு வந்த ஒரு மாணவியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடலைத் தோட்டில் செய்த கரியைக் கொண்டுவந்திருந்தாள். எல்லாரையும் போலக் காய்ச்சி வடித்த தண்ணீரில் சோதித்துவிட்டு, தானாகவே ஒரு பாட்டில் கிணற்று நீர் எடுத்து அதில் காட்மியம் கலந்தும் சோதித்தாள். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த கடினநீர் அது. அவையும் அதே இடங்களுக்குப் போட்டி போடும் அல்லவா? நீக்கம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அவள் முகம் வாடிப்போனது. எனக்கோ அந்தப் பொட்டலங்களில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ள எண் அதுதான் என்று பட்டது, அவளிடம் சொல்லவும் செய்தேன். ஆனால் அவளுடைய வழிகாட்டி அந்தப் பகுதியை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டாராம். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. குறைந்த எண்ணை வெளியே சொன்னால் மதிப்பெண் குறையும், ஆய்விதழ் திருப்பி அனுப்பும் என்ற பயம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்த எண் வெளியே வந்திருந்தால், அடுத்து வருகிறவர் கடினநீருக்கு ஏற்ற மாதிரி பரப்பை மாற்றுவது எப்படி என்று தொடங்கியிருப்பார். வெளியே வராததால் அவரும் காய்ச்சி வடித்த தண்ணீரிலேயே தொடங்குகிறார்.

பச்சையாக உமியையோ மரத்தூளையோ பயன்படுத்துவோருக்கு இன்னொன்று. தண்ணீரிலிருந்து எடுப்பது மட்டுமல்ல, இவை தண்ணீருக்குள் விடவும் செய்யும். மரத்தூளைக் கழுவாமல் ஒரு பீக்கர் நல்ல தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் கடுந்தேநீர் நிறத்தில் நிற்கும்; கிட்டப் போனால் புளித்த வாடை அடிக்கும். டானினும் சர்க்கரையும் கரைந்து வருகின்றன. உலோகம் குறைந்திருக்கும், சி.ஓ.டி., அதாவது தண்ணீரிலுள்ள கரிம அழுக்கைக் காட்டும் அளவு, ஏறியிருக்கும். வெந்நீரில் பலமுறை கழுவலாம், நீர்த்த அமிலத்தில் ஊறவைக்கலாம், கரியாக்கலாம். சில ஆய்வுகளில் ஃபார்மால்டிஹைடு போட்டு நிறத்தைக் கட்டுகிறார்கள். குடிநீருக்கு அது வேண்டாத வேலை. எந்தக் கழுவலுக்கும் தண்ணீர் செலவாகும், அந்தக் கழுவிய தண்ணீரும் ஒரு கழிவுநீர்தான். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தப் பொருள்களால் முடியாதவையும் உண்டு. சாதாரணக் கரியோ உமியோ கரைந்த உப்பைக் குறைக்காது, அதாவது டி.டி.எஸ். அப்படியே இருக்கும். நைட்ரேட்டைத் தொடாது. ஃபுளோரைடைப் பெரிதாகக் குறைக்காது. அதற்கு எலும்புக்கரியோ அலுமினியம் ஏற்றிய பரப்போ வேண்டும். கிருமியைக் கொல்லாது. ஒரு பெரியவர் வீட்டுப் பீப்பாயில் மணலும் கரியும் அடுக்கி, அதில் வடித்த தண்ணீரைக் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, வாடையும் இல்லை. சோதித்தால் நைட்ரேட் இம்மியும் குறையவில்லை. பாக்டீரியா எண்ணிக்கை வடிக்காத தண்ணீரைவிட அதிகம். ஈரக் கரிப்படுகையை மாற்றாமல் வைத்தால் அதன் துளைகளில் கிருமிகள் குடியேறி வளரும். பேரக்குழந்தைக்குக் கொடுப்பதற்காக அவர் அதைச் செய்திருந்தார். அவருக்கு அதைச் செய்யச் சொல்லிக்கொடுத்தது எங்கோ வந்த ஒரு செய்தி. பாதிச் செய்தி எவ்வளவு பெரிய கேடு என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

முருங்கை விதையும் இப்படிப் பாதியாகவே சொல்லப்படுகிறது. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கில் நேர் மின்னேற்றம் கொண்ட சிறிய புரதங்கள் இருக்கின்றன. அவை கலங்கல் நீரில் மிதக்கும் களிமண் துகள்களைச் சேர்த்துக் கட்டி அடியில் இறக்கும். படிகாரம் செய்கிற வேலையை இதுவும் செய்யும், உண்மை. துகளோடு சேர்ந்து நிறையக் கிருமிகளும் அடியில் போகும், ஆனால் எல்லாம் போய்விடாது. விதையின் கரிமப் பொருள் தண்ணீரில் மிஞ்சுவதால், வைத்திருக்க வைத்திருக்கக் கிருமி மறுபடி பெருகும். தெளிந்த பிறகு கொதிக்கவைக்கவோ குளோரின் போடவோ வேண்டும் என்ற ஒரு வரி எந்தச் செய்தியிலும் விடுபடக் கூடாது.

இப்போது அழுக்கேறிய உமி. ஒரு பட்டறை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் விடுகிறது, அதில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் என்று வைப்போம். நாளுக்கு 10 கிலோ சாயம். பொருளின் நிஜமான திறன் கிராமுக்கு 50 மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்தாலும், தினமும் 200 கிலோ உலர்ந்த பொருள் வேண்டும். தண்ணீர் குடித்து வெளியே வரும்போது எடை இன்னும் கூடும். மாதத்துக்கு உலர்ந்த கணக்கிலேயே 6 டன். இதைக் கொட்ட எங்கே இடம்? கொல்லையில் கொட்டினால் மழை அதைக் கழுவி மறுபடி நிலத்தடிக்கே இறக்கும். ஒட்டியது எல்லாம் பி.எச். மாறினால் விட்டுவிடக்கூடியது, அமிலத்தில் இறக்கித் திரும்பப் பயன்படுத்தலாம் என்று நாம் பெருமையாகச் சொல்வதும் இந்தக் குணத்தை வைத்துத்தானே!

எரித்துவிடலாம் என்கிறார்கள். சாயம் மட்டும் என்றால் சரியான வெப்பநிலையில், புகையைக் கவனித்து எரிக்க முடியும். உலோகம் எரியாது. காட்மியமும் ஆர்செனிக்கும் ஈயமும் கடும் சூட்டில் ஆவியாகிப் புகையோடும் நுண்சாம்பலோடும் வெளியேறும். குரோமியம் இன்னும் மோசம். தண்ணீரில் நாம் பாடுபட்டு மூன்று இணைதிறனுக்குக் கொண்டுவந்ததை, காற்றும் காரச் சாம்பலும் சேர்ந்த அடுப்பு மறுபடி ஆறு இணைதிறனாக மாற்றிவிடக்கூடும். எருவாக்கலாம் என்று ஒரு கண்காட்சியில் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. உமி மக்கும், ஈயம் மக்காது. அது பயிருக்குப் போகும்.

வழி இல்லாமல் இல்லை. நீர்த்த அமிலத்தில் உலோகத்தை இறக்கினால், ஆயிரக்கணக்கான லிட்டரில் பரவிக் கிடந்தது சில லிட்டரில் அடங்கும். அதைச் சுண்ணாம்பு போட்டு ஹைட்ராக்சைடாக வீழ்த்தலாம், செறிவு போதுமானால் மின்னாற்பகுப்பில் உலோகமாகவே மீட்கலாம். உமியை மறுபடி பயன்படுத்தலாம்; ஒவ்வொரு சுற்றிலும் திறன் கொஞ்சம் குறையும். கடைசியில் மிஞ்சுவதைச் சிமென்டில் கட்டி, கசிவைத் தடுக்கும் விரிப்பு அடியில் போட்ட அபாயக் கழிவுக் கிடங்கில் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், இடம் வேண்டும், தொடர்ந்து சோதிக்க ஒரு பரிசோதனைக் கூடம் வேண்டும். அதனால் உலோகக் கழிவுக்கு இந்த முறையை வீட்டுக்கு வீடு கொண்டுபோகக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். ஒரு தொழிற்பேட்டைக்கு ஒன்று என்று பொறுப்புள்ளவர்கள் கையில் இருக்கட்டும்.

'விவசாயக் கழிவு சும்மா கிடக்கிறது' என்ற எண்ணத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். உமி கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறது. வைக்கோல் மாட்டுக்குத் தீனி. கரும்புச் சக்கை ஆலையின் எரிபொருள். நார்க்கழிவு நாற்றங்கால்களுக்குப் போகிறது. மேலும் உமி பஞ்சுபோல லேசானது, ஒரு கன மீட்டர் உமி 100 கிலோவைக் கொஞ்சம் தாண்டினால் அதிகம். லாரியில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோனால் பாதிக்கு மேல் காற்றைத்தான் சுமக்கிறோம். எங்கே உண்டாகிறதோ அங்கேயே பயன்பட்டால்தான் அர்த்தம். எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது அந்த வழிதான்: புழுங்கல் அரிசி ஆலையின் ஊறல் கழிவுநீருக்கு அதே ஆலையின் உமிச் சாம்பல், சர்க்கரை ஆலையின் நிறநீருக்கு அதே ஆலையின் சக்கைச் சாம்பல். அங்கே பெரும்பாலும் கரிமப் பொருளும் நிறமும்தான் பிரச்சினை, நச்சு உலோகம் அல்ல. பயன்பட்ட சாம்பலைச் சோதித்துப் பார்த்துச் செங்கல்லுக்குக் கொடுக்கலாம்.

வேறு இடங்களில் நடந்தவையும் யோசிக்க வைக்கின்றன. 1969-ல் அமெரிக்காவின் சாண்டா பார்பரா கடற்கரையில் எண்ணெய்க் கிணறு வெடித்து எண்ணெய் பரவியபோது, வைக்கோலைக் கொட்டித்தான் எண்ணெயை ஊறவைத்து அள்ளினார்கள். வைக்கோல் எண்ணெயை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அள்ளிய எண்ணெய் வைக்கோலை என்ன செய்வது என்பது அங்கேயும் பெரிய பாடாக இருந்திருக்கும். அயோவா மாநிலத்தில் வயலிலிருந்து வடியும் நீரை மரச்சில்லுகள் நிரப்பிப் புதைத்த பள்ளத்தின் வழியாக விடுகிறார்கள். அங்கே சில்லு எதையும் பிடித்துவைப்பதில்லை. காற்றில்லாத அந்தப் பள்ளத்தில் பாக்டீரியாக்கள் சில்லின் கரிமத்தை உண்டு, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகின்றன. ஒரு பள்ளம் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்யும். மக்காச்சோளச் சக்கையைப் போட்டால் தொடக்கத்தில் வேகமாக நடக்கிறது, சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. இந்த முறையில் அழுக்கேறிய மிச்சம் என்ற தொல்லையே கிடையாது. பிடித்துவைக்கும் முறைக்கே எல்லாரும் ஓடாமல், நம் மாணவர்களில் சிலராவது இந்தப் பக்கமும் திரும்பினால் மகிழ்ச்சி.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் உங்கள் செய்தியாளர்களிடமும் என் வேண்டுகோள் சின்னது. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், சதவீதத்தை விட்டுவிட்டு உள்ளே போன நீரில் எத்தனை மில்லிகிராம், வெளியே வந்த நீரில் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு எழுதுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரா, நிஜக் கழிவுநீரா என்று கேளுங்கள். ஒரு கிலோ பொருள் எத்தனை லிட்டருக்குப் பிறகு கைவிட்டது என்று கேளுங்கள். படுகை நிறைந்துவிட்டதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தண்ணீர் தெளிவாகவே வந்துகொண்டிருக்கும், ஈயம் மட்டும் உள்ளே போன அளவிலேயே வெளியே வரும். அப்புறம், பயன்பட்ட பொருளை என்ன செய்தீர்கள் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். 'இன்னும் யோசிக்கவில்லை' என்று மாணவர் சொன்னால் அதையும் அப்படியே போடுங்கள். அது அவருக்கு அவமானம் இல்லை. அடுத்த ஆய்வுக்குத் தலைப்பு.

கல்லூரி வழிகாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. இன்னொரு புதிய தோல், இன்னொரு புதிய கொட்டை என்று பட்டியலை நீட்டுவதை விட்டுவிட்டு, ஏற்கெனவே தெரிந்த ஒரே பொருளை நிஜக் கழிவுநீரில், நிரலில், மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அமிலத்தில் இறக்கி எத்தனை சுற்று தாங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கடினநீரில் பாதியாகக் குறைந்தது என்ற எண்ணையும் அச்சில் ஏற்ற விடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. பிரசுரிக்க இடம் போதாவிட்டால் கரியின் வரலாற்றையும் என் கணக்குகளையும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். உலோகம் ஏறிய உமியை எரிக்கவோ எருவாக்கவோ கூடாது என்ற பகுதியையும், முருங்கை விதையில் தெளிந்த தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும் என்ற வரியையும் மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப் பகுப்பாய்வாளர் ஒருவர்